இன்னொரு கோடை தூங்கட்டும்

ஒதிலோனின் நாக்கைப் பற்றி வோலன்பேக்கில் இரண்டு கருத்துகள் உண்டு. ஒன்று அவனுடையது, மற்றது ஊராருடையது. இந்தக் கிண்டலை முதலில் சொன்னவனும் அவன்தான். தன்னைப் பற்றி அடுத்தவர் சிரிப்பதற்கு முன் தானே சிரித்துவிட்டால் வலி பாதியாகும் என்பது கபே நடத்துகிறவனுக்குச் சீக்கிரமே பிடிபடும் விஷயம். மீதிப் பாதியை என்ன செய்வதென்றுதான் அவனுக்கு இன்னும் தெரியவில்லை.

மாதா கோவிலுக்கு எதிரே இருக்கும் ‘மூன்று வாத்துகள்’ அவனுடைய கபே. அங்கே பீர் கேட்டால் சும்மா வராது, வர்ணனையோடுதான் வரும். ஒதிலோன் கிளாஸை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, "மழையில நனைஞ்ச குதிரைப் போர்வை. பின்னாடி பச்சை ஆப்பிள். ரொம்பத் தூரத்துல ஒரு ஆட்டுக் கொட்டகை" என்பான். குழாய் ரிப்பேர் செய்யும் ஸ்தாஃப் கையை நீட்டிக்கொண்டே இருப்பார். "பண்ணையை அப்புறம் விக்கலாம் ஒதிலோன், இப்ப பீரைக் குடு" என்பார்.

ஊற்றுவதில் மட்டும் அவனை யாரும் குறை சொன்னதில்லை. வருடக்கணக்கில் ஓக் பீப்பாயில் கிடந்து புளித்து, பிறகு புட்டியில் அடைபட்டு நிலவறையில் படுத்திருக்கும் பீர் அது. அடியில் வண்டல் இருக்கும். படுத்த புட்டியைப் படுத்தபடியே பிரம்புக் கூடையில் ஏந்தி வந்து, அப்படியே திறந்து, வரிசையாக வைத்த ஆறு கிளாஸுக்கும் ஒரே மூச்சில், புட்டியை ஒருமுறைகூட நிமிர்த்தாமல் ஊற்ற வேண்டும். ஒதிலோன் ஊற்றினால் ஆறாவது கிளாஸும் முதல் கிளாஸைப் போலத் தெளிவாக இருக்கும். பிரஸ்ஸல்ஸிலிருந்து வருகிறவர்கள் இதைப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். அவனுக்கு அது போதவில்லை. பிறர் செய்ததை ஊற்றி ஊற்றியே கிழவனாகிவிடுவோமோ என்ற பயம் ஐம்பது வயதில் அவனைப் பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் அந்த வயதில் மோட்டார் சைக்கிள் வாங்குகிறார்கள். ஒதிலோன் ஒரு பீப்பாய் வாங்கினான்.

கோதுமையும் பார்லியும் காய்ச்சி வடித்த சாற்றைக் குளிர்காலத்தில் ஒரு மதுவடிப்பவரிடம் வாங்கி, கபேக்குக் கீழே உள்ள நிலவறையில் அந்த ஒரே பீப்பாயை நிரப்பினான். மற்றதைக் காற்றிலும் மரத்திலும் இருக்கும் கிருமிகள் பார்த்துக்கொள்ளும். முதல் வருடம் அது முட்டை வெள்ளைக்கரு போல நூல் நூலாக இழுத்தது. இந்தப் பள்ளத்தாக்கில் அதற்கு யாரும் பயப்படுவதில்லை. "உடம்பு சரியில்ல, தானா தேறிடும்" என்பார்கள். இங்கே காத்திருப்பதுதான் பாதித் தொழில். கெட்டுப்போனதற்கும் இன்னும் தேறாததற்கும் உள்ள வித்தியாசம் மற்ற தொழிலில் ஒரு நாளில் தெரிந்துவிடும். இந்தத் தொழிலில் அது தெரிவதற்குள் தலை நரைத்துவிடும். ஒதிலோனுக்கு ஏற்கெனவே நரைத்திருந்ததால் அவன் தைரியமாகக் காத்திருந்தான்.

ஞாயிறு தோறும், பூசை முடிந்து வரும் கூட்டம் கலைந்த பிறகு, கீழே இறங்கிப் பீப்பாயின் தக்கையைத் திறப்பான். கண்ணாடிக் குழாயை விட்டுக் கொஞ்சம் உறிஞ்சி எடுப்பான். மோந்து பார்ப்பான், குடிப்பான், தன்னோடு தானே பேசுவான். பீப்பாய்க்கு அருகே ஒரு ஸ்டூல்கூடப் போட்டு வைத்திருந்தான். ஒரு தகப்பன் பிள்ளையின் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாக அவன் நினைப்பு.

வருடம் ஒருமுறை அதில் ஒரு புட்டி எடுத்துக்கொண்டு கோமாரிடம் போவான். கோமார் அந்தப் பள்ளத்தாக்கின் பெரிய கலவைக்காரர். ஒன்று, இரண்டு, மூன்று வருடப் பீப்பாய்களைக் கலந்து அவர் அடைக்கும் பீருக்கு ஜப்பானிலிருந்துகூட ஆள் வருகிறது. அதிகம் பேசமாட்டார். ஒதிலோனின் புட்டியைத் திறந்து, ஒரு வாய் வைத்து, வெகு நேரம் யோசித்து, "நல்லது. இன்னொரு கோடை தூங்கட்டும்" என்பார்.

நாலு வருடமும் அதே வார்த்தை. ஒதிலோன் அதை மார்பில் பதக்கம் போலக் குத்திக்கொண்டு திரும்புவான். "கோமாரே சொல்லிட்டாரு. அவசரப்பட வேணாமாம். அதுக்குள்ள இன்னும் சரக்கு இருக்காம்" என்று கபேயில் ஒவ்வொரு மேசையாகச் சொல்வான். கோமார் சொன்னதில் இரண்டாம் பாதி மட்டும் அவர் சொல்லாதது.

இந்த நிலையில்தான் ஒதிலோனின் மகள் நெலே, கோமாரின் மகன் யெல்லெயைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். ஒதிலோனுக்குத் தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளையைவிட மாப்பிள்ளையின் அப்பாதான் அவனுக்கு வாய்த்த அதிர்ஷ்டம். இரண்டு குடும்பமும் பேச உட்கார்ந்த அன்று, காபி வருவதற்கு முன்பே அறிவித்துவிட்டான்.

"கல்யாண விருந்து நம்ம கபே தோட்டத்துலதான். அன்னிக்கு ஊத்துறது என் பீப்பாய். இத்தனை வருஷமா எதுக்குக் காத்திருந்துச்சுன்னு இப்பத்தான் புரியுது."

கோமார் தன் மனைவி ரைன்ஹில்டைப் பார்த்தார். ரைன்ஹில்ட் மேசை விரிப்பைப் பார்த்தார்.

"இன்னொரு கோடை..." என்று தொடங்கினார் கோமார்.

"கல்யாணம் ஜூன்லதானே சம்பந்தி. பாதிக் கோடை ஆயிடும்ல" என்றான் ஒதிலோன்.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில், எத்தனை நாற்காலி தேவைப்படும் என்று கேட்க அவன் கோமாரின் நிலவறைக்குப் போனான். தொலைபேசியில் கேட்டிருக்கலாம். ஆனால் அந்த நிலவறைக்குள் சம்பந்தி என்ற முறையில் நுழைவதற்குக் கிடைக்கும் எந்தச் சாக்கையும் அவன் விடுவதாக இல்லை.

உள்ளே அப்பாவும் மகனும் பீப்பாய் பீப்பாயாக ருசி பார்த்துக்கொண்டிருந்தார்கள். யெல்லெ நீட்டிய கிளாஸில் ஒரு வாய் குடித்த கோமார் அதைத் தரையில் துப்பினார்.

"என்னடா இது. கழுதை மூத்திரத்துல சீமெண்ணெய் கலந்த மாதிரி இருக்கு. இதை வெச்சு என்ன பண்ணப்போற, கால் கழுவவா?"

"நீங்க மூலையில வெச்சிருக்கீங்களே ஒண்ணு, அது மட்டும் என்ன வாழுதாம்? ஈரச் சாக்கு. அதுவும் எலி செத்த சாக்கு."

இரண்டு பேரும் சந்தோஷமாக அடுத்த பீப்பாய்க்கு நகர்ந்தார்கள். ஒதிலோனுக்கு மாப்பிள்ளைமேல் பரிதாபமாக இருந்தது. தன்னிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசுகிற மனிதர் பெற்ற பிள்ளையை இப்படிப் பேசுகிறாரே என்று நினைத்தான். நம் பீப்பாயும் இவனுடையதும் ஒன்றாகுமா என்ற எண்ணமும் கூடவே வந்தது. அதற்காக அவன் பிறகு வெகுநாள் வெட்கப்பட்டான்.

அப்போது பக்கத்து ஊர் ரெமி தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்தார். அவரும் கலவைக்காரர்தான், சின்ன அளவில். தன் பீப்பாயிலிருந்து ஒரு புட்டி கொண்டுவந்திருந்தார். கோமார் அதைப் பதவிசாக வாங்கி, ஊற்றி, மோந்து, ஒரு வாய் வைத்தார். வெகு நேரம் யோசித்தார்.

"நல்லது ரெமி" என்றார். "இன்னொரு கோடை தூங்கட்டும்."

ரெமியின் முகம் விழுந்துவிட்டது.

"அவ்வளவுதானா" என்றார்.

"அவ்வளவுதான்."

"சரி. வீட்டுக்காரி ஊறுகாய்க்கு வெள்ளரிக்காய் ஊறப்போடுறா. அவளுக்காவது ஆகும்."

கோமார் அவர் தோளில் கைபோட்டு, வாசல் வரை கொண்டுவிடப் போனார். யெல்லெ மிச்சம் இருந்த பீரைச் சாக்கடையில் கவிழ்த்தான்.

"அதை ஏன் கொட்டுற?" என்றான் ஒதிலோன். "தூங்கட்டும்னுதானே அப்பா சொன்னாரு."

யெல்லெ புட்டியை உதறிக்கொண்டே பேசினான். "அதான் மாமா அர்த்தம். செத்துப்போச்சுன்னு வெளியாள் மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? வீட்டாளுன்னா கழுதை மூத்திரம்னு சொல்லிடலாம். மத்தவங்களுக்கு, தூங்கட்டும். இந்தத் தொழில்ல எல்லாருக்கும் தெரியும், ரெமி கிளம்பினாரு பாத்தீங்கல்ல, உடனே..."

அங்கே நிறுத்தினான். தான் யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. காது மடல் சிவந்துவிட்டது.

"நாற்காலி எத்தனைன்னு கேக்க வந்தேன்" என்றான் ஒதிலோன்.

"மாமா, அப்பாகிட்ட நான் சொன்னேன்னு..."

"அறுபது போதும்ல?" என்றான் ஒதிலோன்.

வீட்டுக்குச் சைக்கிளை மிதிக்கவில்லை, தள்ளிக்கொண்டே வந்தான். நாலு வருடம். ஒவ்வொரு வருடமும் கோமார் அவனிடம் இழவு சொல்லியிருக்கிறார், அவன் அதை மிட்டாய் மாதிரி ஊரெல்லாம் விநியோகித்திருக்கிறான். தொழில் தெரிந்தவர்கள் எத்தனை பேர் அந்தக் கபேயில் உட்கார்ந்து அதைக் கேட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கி, மாதா கோவில் வந்ததும் எண்ணுவதை நிறுத்திக்கொண்டான். அழுகைதான் வந்தது. நடுவில் சிரிப்பும் வந்தது, அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது.

நேரே நிலவறைக்குப் போய் ஒரு கிளாஸ் எடுத்து, வேறு யாரோ செய்தது என்று நினைத்துக்கொண்டு குடித்தான். குதிரையும் இல்லை, போர்வையும் இல்லை. சுத்த வினிகர்.

மேலே சமையலறையில் அவன் மனைவி லுட்கார்ட் காபி மெஷினைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நம்ம பீர் வினிகராயிடுச்சு" என்றான்.

"ஆமா" என்றாள் அவள்.

"உனக்குத் தெரியுமா?"

"ரெண்டு வருஷமா இந்த மெஷின்ல உப்புப் படியறதே இல்ல, பாத்தியா? வேற எதைப் போட்டுக் கழுவுறேன்னு நினைச்ச? சாலடுக்கும் அதான்."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ எப்ப கேட்ட? ‘அருமையா இருக்குல்ல’ன்னுதான் கேட்ட. அருமையாத்தான் இருந்துச்சு. மெஷினுக்கு."

அவன் நாற்காலியில் உட்கார்ந்து கோமாரின் நிலவறையில் நடந்ததைச் சொன்னான். லுட்கார்ட் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் சிரிக்காதது அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

"போகட்டும் விடு. கோமார் பீரையே வாங்கி ஊத்திடலாம். கேட்டா அவரே சந்தோஷமா அனுப்புவாரு."

"என் பீப்பாய்னு ஊர் பூரா சொல்லிட்டேனே."

"சொன்னா என்ன? கெட்டுப்போச்சுன்னு சொல்லு."

எல்லோரும் சொல்லக்கூடிய அந்த எளிய வார்த்தையைச் சொல்ல ஒதிலோனுக்கு வாய் வரவில்லை. இத்தனை வர்ணனை தெரிந்த வாய். அவனுக்கு வேறொரு யோசனை வந்தது. வந்த உடனேயே அது கேடுகெட்ட யோசனை என்று தெரிந்தது. ஆனாலும் ஆல்ஸ்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தன் மச்சானுக்குப் போன் போட்டான். புட்டியில் அடைக்காத, நுரைக்காத பீப்பாய் பீரை உள்ளே பை வைத்த அட்டைப் பெட்டிகளில் அடைத்துக் கடைகளுக்கு விற்பது கோமாரின் வழக்கம். மச்சான் தன் கடைக்கென்று சொல்லி வாங்கி, மூடிய வண்டியில் கொண்டுவந்து இறக்கினான்.

"அந்த மனுஷன் பீரை அவருக்கே குடுத்து உன்னுதுன்னு சொல்லப்போற" என்றாள் லுட்கார்ட்.

"ஒரே ஒரு மத்தியானம்."

"அவருக்கா தெரியாது?"

"தெரிஞ்சா சொல்லமாட்டாரு. அவ்வளவு மரியாதைக்காரர்" என்றான் ஒதிலோன் கசப்பாக.

கல்யாணத்தன்று வெயில் நன்றாக அடித்தது. நகர மண்டபத்திலும் கோவிலிலும் ஆக வேண்டியது ஆனபின் கூட்டம் கபே தோட்டத்துப் பேரி மரங்களுக்குக் கீழே உட்கார்ந்தது. தடித்த ரொட்டித் துண்டுகளில் வெண்பாலாடையைப் பூசி, மேலே முள்ளங்கி வட்டங்களை அடுக்கித் தட்டுத் தட்டாக வைத்திருந்தாள் லுட்கார்ட். பின்னால் உலர்ந்த பிளம்ஸோடு முயல் கறி வேகும் வாசனை. ஒதிலோன் வெள்ளை ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, நீலக் கோடு போட்ட பீங்கான் ஜாடிகளில் பீரைக் கொண்டுவந்தான். இந்த நாளுக்கென்று குதிரை, ஆடு, ஆப்பிள், தோல் சேணம் எல்லாம் வைத்து ஒரு பேச்சுத் தயாரித்திருந்தான். "குடிங்க" என்று மட்டும் சொன்னான்.

ஸ்தாஃப் ஒரு வாய் குடித்தார். கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"ஒதிலோன், இது நீ பண்ணதா?"

"ஏன்?"

"இல்ல, குடிக்க முடியுதே."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒதிலோனும் சிரித்தான். தலைமேசைக்குப் போய்க் கோமாருக்கு ஊற்றினான். வாழ்நாளில் முதல்முறையாக விரிப்பில் ஒரு சொட்டுச் சிந்தியது.

கோமார் குடித்தார். கிளாஸை இறக்கி, மறுபடி எடுத்து இன்னொரு வாய் குடித்தார். ஜாடியைப் பார்த்தார். ஒதிலோனைப் பார்த்தார். பக்கத்து மேசைகளில்கூடப் பேச்சு அடங்கிவிட்டது. பெரியவர் என்ன சொல்லப்போகிறார் என்று எல்லோரும் கழுத்தைத் திருப்பினார்கள்.

"நல்லது" என்றார் கோமார். வெகு நேரம் யோசித்தார். "இன்னொரு கோடை தூங்கட்டும்."

ஒதிலோன் ஜாடியோடு சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினான். லுட்கார்டிடம் சொன்னான். அவள் கழுவுதொட்டியைப் பிடித்துக்கொண்டு, முதுகு குலுங்க, சத்தமே வராமல் சிரித்தாள். தன் பீரையே செத்துப்போனது என்று சொல்லிவிட்டார் கோமார். அப்படியானால் அந்த மனிதர் ருசி பார்ப்பதே இல்லை, ஆளைத்தான் பார்க்கிறார். கபேக்காரன் என்றால் தூங்கட்டும். பள்ளத்தாக்கிலேயே மிகச் சிறந்த நகைச்சுவை ஒதிலோனின் கைக்கு வந்திருக்கிறது, அதை ஒருவரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் அவனே திருடனாவான். வெற்றி பெற்ற களிப்பில் அவன் ஒரு முள்ளங்கியை எடுத்துக் கடித்தான். மீதியைத் தட்டிலேயே திரும்ப வைத்தான்.

கதவைத் திறந்துகொண்டு நெலே வந்தாள். கல்யாண உடையின் அடிப்பக்கத்தைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள்.

"அப்பா, உன் பீர் எங்க?"

"அதான் ஊத்தினேனே."

"அது என் மாமனாரோடது. நான் உன்னுதைக் கேக்கிறேன்."

ஒதிலோன் மனைவியைப் பார்த்தான். மனைவி முயல் கறியைக் கிளறப் போய்விட்டாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஞாயித்துக்கிழமை வரப்பல்லாம் உன்னுதைக் குடுத்தியே. பல்லு கூசும். பாதியைக் குடிப்பேன், பாதியை ஜன்னல் தொட்டியில ஊத்துவேன்."

"அந்தச் செடி..."

"செத்துப்போச்சு. அது நான்தான். இன்னிக்கு ஒரு வாய் வெச்சதுமே தெரிஞ்சுது, பல்லு கூசல. யெல்லெக்கும் தெரிஞ்சுபோச்சு. மோந்த உடனே என் காலை மிதிச்சான். அவங்கப்பா தன் பீரையே தூங்கட்டும்ங்கறாரு, இவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு ரொட்டியைப் பிச்சுக்கிட்டு இருக்கான். கல்யாணமாகி மூணு மணி நேரம் ஆகல, அதுக்குள்ள நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பொய்யைக் காப்பாத்திக்கிட்டு உக்காந்திருக்கோம்."

"அவமானமா இருந்துச்சும்மா" என்றான் ஒதிலோன். "நாலு வருஷமா அந்தாளு சொன்னதைப் பாராட்டுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

"தெரியும். ஊருக்கே தெரியும்." அவள் அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. "அந்த வீட்ல எது கெட்டாலும் அன்னிக்கே கொட்டிடுவாங்கப்பா. நீ கெட்டுப்போனதுக்குப் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து, தேறிடும் தேறிடும்னு சொல்லிக்கிட்டு இருந்த. நான் பரீட்சையில ஃபெயிலானப்பவும் அப்படித்தான் உக்காந்திருந்த. எனக்கு அந்தப் பீர்தான் வேணும். மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டுக் குடிக்கலாம்னு இருந்தேன்."

அவள் போய்விட்டாள். ஒதிலோன் ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். இப்போது போய் உண்மையைச் சொன்னால் அவனோடு கோமாரின் மானமும் போகும், அதுவும் மகனின் கல்யாணத்தில், மொத்தப் பள்ளத்தாக்குக்கும் முன்னால். சொல்லாவிட்டால் மகள் அந்த வீட்டுக்கு இந்தப் பொய்யைச் சீர்வரிசை மாதிரி தூக்கிக்கொண்டு போவாள். அவன் காலி ஜாடியை எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினான்.

தலைமேசைக்குத் திரும்பியபோது ஜாடி நிரம்பி இருந்தது. உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும்படி குனிந்து பேசத்தான் நினைத்தான். குரல் அவன் பேச்சைக் கேட்கவில்லை.

"சம்பந்தி, நீங்க முன்னாடி குடிச்சது உங்க பீர். ஆல்ஸ்ட் மச்சான் மூலமா வாங்கினேன். இதுதான் என்னுது."

தோட்டம் முழுக்கக் கேட்டது. ரைன்ஹில்ட் கத்தியைத் தட்டில் வைத்தார். யெல்லெ கண்ணை மூடிக்கொண்டான். கோமாரின் கழுத்து சட்டைக் காலரிலிருந்து மேல்நோக்கிச் சிவந்துகொண்டே வந்தது. எழுந்து போய்விடுவார் என்று ஒதிலோன் நினைத்தான். போனால் தடுக்க அவனுக்கு உரிமை இல்லை.

"என்னோடதா?" என்றார் கோமார்.

"ஆமா."

கோமார் பழைய கிளாஸை எடுத்து, அடியில் மிச்சம் இருந்ததைக் குடித்துப் பார்த்தார்.

"அதானே" என்றார் மெதுவாக. "ஒரு கபேக்காரன் முதல் பீப்பாயிலயே இப்படிப் பண்ணிட்டானேன்னு வயிறு எரிஞ்சுது. நாப்பது வருஷமா நான் படுற பாட்டுக்கு என்ன அர்த்தம்னு தோணிப்போச்சு. அந்த எரிச்சல்ல சொன்னேன், தூங்கட்டும்னு."

"தன் பிள்ளையை அடையாளம் தெரியல, அதுமேலயே பொறாமை வேற" என்றார் ரைன்ஹில்ட். அவர்தான் முதலில் சிரித்தார். பிறகு ஸ்தாஃப். பிறகு யாரென்று சொல்ல முடியவில்லை, பேரி மரங்கள்வரை சிரித்தன. கோமார் சிரிக்கவில்லை. கிளாஸை நீட்டினார்.

"ஊத்துங்க."

ஒதிலோன் ஊற்றினான். கோமார் ஒரு வாய் வைத்தார். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது, மற்றதில் நீர் கட்டியது. சிரிப்பு அடங்கி எல்லோரும் அந்தப் பழைய வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள். ஒதிலோனும் காத்திருந்தான். அது எப்படி வந்தாலும் இனி வலிக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அது பொய்.

"யோவ்" என்றார் கோமார். "என்னய்யா இது. இதைப் போய் மனுஷன் குடிப்பானா?"

ஒதிலோன் ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டான்.

"துருப்பிடிச்ச கத்தியை நக்கின மாதிரி இருக்கு. வாராவாரம் தக்கையைத் திறந்து பாத்தியா?"

"ஞாயித்துக்கிழமை தோறும்."

"நினைச்சேன். மேல ஏடு மாதிரி படிஞ்சிருக்கும்ல, அதுதான்யா உள்ள காத்துப் போகாம பாத்துக்கறது. அதைக் கிழிச்சுக்கிட்டே இருந்தா வினிகராகாம வேற என்ன ஆகும்? உன்னை எவன்யா ருசி பாக்கச் சொன்னான்? நல்லா இருந்த பீரை ஆசைப்பட்டே கொன்னிருக்க."

"எனக்குக் குடு" என்று ரைன்ஹில்ட் கிளாஸைப் பிடுங்கிக் குடித்தார். "ஐயோ, நகப்பூச்சு எடுக்கலாம் போலிருக்கு."

"செத்த எலி பரவாயில்ல" என்றான் யெல்லெ. அவன் முகத்தில் அப்போதுதான் ரத்தம் திரும்பியது. நெலே தன் கிளாஸை நீட்டி வாங்கி, மூஞ்சியைச் சுளித்து, உடம்பை உதறி, நிறுத்தாமல் முழுவதையும் குடித்து முடித்தாள்.

"அடுத்த குளிர்காலத்துல என் கூட வா" என்று கோமார் விடாமல் பேசினார். "நல்ல பீப்பாயா ஒண்ணு பாத்துத் தரேன். தக்கைக்குப் பூட்டு போட்டு, சாவியை உன் பொண்டாட்டிகிட்ட குடுத்துடுவேன். மூணு வருஷம் அந்தப் பக்கம் எட்டிப் பாத்த, காலை ஒடைப்பேன்."

விருந்து பரிமாறும்போது ஒதிலோன் எங்கேயும் உட்கார்ந்ததில்லை. இப்போது ஜாடியை மேசையில் வைத்துவிட்டு, ஒரு நாற்காலியைக் கோமாருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"துருப்பிடிச்ச கத்தி, சரி" என்றான். "வேற என்ன மோசம், சொல்லு."